‘திருத்தும் உரிமை மட்டும்தானே கொடுத்தோம்?’

கேள்வி: ஈரோட்டில் சிறிய ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். ஆறு பேர், ஏறக்குறைய 280 கிளையன்ட்கள். ஒவ்வொருவருக்கும் ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப், இ-வே பில் என்று மூன்று நான்கு பாஸ்வேர்டுகள். எக்செல் ஷீட்டில் இருந்ததை இரண்டு வருடத்துக்கு முன் பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு பெட்டகத்துக்கு மாற்றினோம். சில தளங்கள் அவ்வப்போது பாஸ்வேர்டை மாற்றச் சொல்கின்றன. அதற்கென்றே ஒரு பெண் மாதத்தில் இரண்டு மூன்று நாள் உட்கார வேண்டியிருக்கிறது. கணினிப் படிப்பு முடித்த என் அண்ணன் மகன் ஒரு ஏஐ ஏஜென்ட்டை அமைத்துக் கொடுத்தான். அதுவே தளத்துக்குள் போய்ப் பாஸ்வேர்டை மாற்றி, பிட்வார்டனிலும் திருத்திவிடுகிறது, கேப்சாவும் ஓடிபியும் மட்டும் நாங்கள் அடிக்கிறோம். மூன்று வாரத்தில் 43 பாஸ்வேர்டுகளை மாற்றியது. அதில் இரண்டு கிளையன்ட்களுக்கு, பெட்டகத்தில் இருப்பதைப் போட்டால் உள்ளே போக முடியவில்லை. இன்னொருவருக்கு நோட்ஸ் பகுதியில் எழுதி வைத்திருந்தது எல்லாம் காலி. “அழிக்கும் உரிமை கொடுக்கவில்லை அத்தை, படிக்கவும் திருத்தவும் மட்டும்தான், எல்லாமே என்கிரிப்ட் ஆனதுதான்” என்கிறான். நிறுத்தி விடுவதா, தொடரலாமா?

பதில்:

வணக்கம். இப்போதைக்கு நிறுத்துங்கள், இன்றைக்கே. ஆனால் யோசனையை மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் மருமகன் எடுத்துக்கொண்ட பிரச்சினை நிஜமானது. 280 கிளையன்ட்களின் பாஸ்வேர்டுகளை ஒரு பெண் மாதாமாதம் கையால் மாற்றி எழுதிக்கொண்டிருப்பதும் பாதுகாப்பான வேலை இல்லை, சோர்ந்துபோன கை எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்தத் தம்பி தவறியது ஒரே இடத்தில்தான். “திருத்தும் உரிமை” என்பதைச் சின்ன உரிமை என்று நினைத்துவிட்டார். ஒரு பாஸ்வேர்டு பெட்டகத்தில் இருப்பதிலேயே பெரிய உரிமை அதுதான்.

அழித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிட்வார்டனில் அழித்த பதிவு குப்பைத் தொட்டிக்குப் போய் 30 நாள் இருக்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம், தவிர ஒரு பதிவைக் காணோம் என்றால் யாராவது ஒருவர் கவனித்துவிடுவார். திருத்தம் அப்படியில்லை. பதிவு அங்கேயே இருக்கும், பெயர் இருக்கும், யூசர் ஐடி இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் தப்பாக இருக்கும். அது எப்போது தெரியவரும்? 20ஆம் தேதி சாயங்காலம் மாத ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போட உட்காரும்போது தெரியவரும்.

முதலில் காணாமல் போன நோட்ஸ். ஏஜென்ட் பிட்வார்டனின் கமாண்ட் லைன் கருவியை, அதாவது கட்டளைகளை எழுத்தாக அடித்து இயக்கும் கருவியை, பயன்படுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அந்தக் கருவியில் ‘எடிட்’ என்ற கட்டளை, பெயர் சொல்கிற மாதிரி ஒரு கட்டத்தை மட்டும் திருத்துவதில்லை. பழைய பதிவை எடுத்துவிட்டு, நீங்கள் கொடுக்கும் முழுப் பதிவை அந்த இடத்தில் வைக்கிறது. பழையதை அப்படியே வாங்கி, பாஸ்வேர்டை மட்டும் மாற்றி, மிச்சத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தால் ஒரு சிக்கலும் இல்லை. 42 தடவை ஏஜென்ட் அப்படிச் செய்திருக்கும். 43ஆவது தடவை, ஏதோ பிழை வந்து, வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து அதில் பெயர், யூசர் ஐடி, பாஸ்வேர்டு மூன்றையும் நிரப்பிக் கொடுத்திருக்கும். கட்டளை வெற்றி என்று பதில் வந்திருக்கும். ஓடிபி வருகிற கைபேசி எண், பாதுகாப்புக் கேள்விக்கான விடை என்று நீங்கள் எழுதி வைத்திருந்தது அந்த ஒரு நொடியில் போயிருக்கும். ஒரே வேலையை 42 தடவை சரியாகச் செய்தது 43ஆவது தடவையும் அதே வழியில் செய்யும் என்பது சாதாரண மென்பொருளுக்குப் பொருந்தும். இந்த ஏஜென்ட்களுக்குப் பொருந்தாது. தடை வந்தால் வேறு வழி தேடுவதுதான் அவற்றின் திறமையே, அந்தத் திறமைதான் இங்கே கெடுத்தது.

பாஸ்வேர்டுக்குப் பழைய வரலாறு உண்டு, நோட்ஸுக்குக் கிடையாது. அதனால் அந்தக் கிளையன்ட்டின் குறிப்பை மீட்க இரண்டு வழிதான். பெட்டகத்தில் இருப்பதை மொத்தமாக ஒரு கோப்பாக இறக்கிய பழைய எக்ஸ்போர்ட் ஏதாவது வைத்திருந்தால் அதில் பாருங்கள். இல்லையென்றால், அலுவலகத்தில் யாருடைய பழைய போனிலோ லேப்டாப்பிலோ பிட்வார்டன் பல நாளாகத் திறக்காமல் கிடக்கிறதா என்று கேளுங்கள். நெட் இல்லாவிட்டாலும் திறக்க வசதியாகப் பெட்டகத்தின் ஒரு பிரதியை அந்தந்தக் கருவியிலேயே வைத்திருக்கும். கடைசியாக சிங்க் ஆனது ஏஜென்ட் கைவைப்பதற்கு முன்பு என்றால் பழைய நோட்ஸ் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போட்ட பிறகுதான் செயலியைத் திறக்க வேண்டும். நெட்டோடு திறந்தால் புதியது வந்து பழையதை மூடிவிடும்.

அடுத்து, வேலை செய்யாத அந்த இரண்டு பாஸ்வேர்டுகள். பாஸ்வேர்டில் சிறப்புக் குறிகள் இருக்க வேண்டும் என்று அரசுத் தளங்கள் கேட்கும், ஏஜென்ட் டாலர் குறி, ஆச்சரியக்குறி எல்லாம் போட்டு ஒன்று தயார் செய்யும், தளத்தின் பக்கத்தில் அதை அப்படியே அடிக்கும். பெட்டகத்தில் சேர்க்கும்போது கமாண்ட் லைனில் அதே எழுத்துகளைக் கொடுக்கும். கமாண்ட் லைனுக்கு டாலர் குறி வெறும் எழுத்து இல்லை. இரட்டை மேற்கோளுக்குள் டாலரும் அதன் பின்னே ஒன்பதும் வந்தால், அந்த இரண்டு எழுத்தையும் ஒரு மாறியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அந்த மாறியில் ஒன்றும் இல்லாததால் இரண்டையும் விழுங்கிவிடும். தளத்தில் பன்னிரண்டு எழுத்து, பெட்டகத்தில் பத்து எழுத்து. யாரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் ‘சேமித்தாயிற்று’ என்றுதான் வந்திருக்கும். இது ஒரு சாத்தியம். இன்னொன்று, தளம் புதிய பாஸ்வேர்டை ஏற்காமலேயே இருந்து, ஏஜென்ட் ஏற்றுக்கொண்டதாக நினைத்திருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க, பிட்வார்டனில் அந்தப் பதிவுக்குள் பாஸ்வேர்டு ஹிஸ்டரியைத் திறந்து, முந்தைய பாஸ்வேர்டை ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒன்று ஒன்றாக எல்லாவற்றையும் முயலக் கூடாது, தவறான முயற்சி கூடினால் கணக்கு பூட்டிக்கொள்ளும், அப்புறம் அது தனிக் கதை. பழையது வேலை செய்தால் தளத்தில் மாற்றமே நடக்கவில்லை என்று அர்த்தம். வேலை செய்யாவிட்டால் கிளையன்ட்டுக்கு போன் போட்டு, ஓடிபி வாங்கி, ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ வழியில் போய்விடுங்கள். அந்த போனில், என்ன நடந்தது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த ஹிஸ்டரியை நம்பி இருந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பிட்வார்டன் கடைசி ஐந்து பழைய பாஸ்வேர்டுகளைத்தான் வைத்திருக்கும். ஏஜென்ட் ஒன்று மாற்றுகிறது, தளம் மறுக்கிறது, வேறொன்று தயார் செய்து பெட்டகத்தில் எழுதுகிறது, மறுபடி மறுப்பு, மறுபடி எழுதுகிறது. ஆறு முறை இப்படிச் சுற்றினால் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்த பாஸ்வேர்டு ஹிஸ்டரியை விட்டே வெளியே போய்விடும். அழிக்கும் உரிமை இல்லாமலேயே அழிந்துவிட்டது. ‘திருத்த மட்டும்தானே’ என்ற சமாதானத்தை நான் ஏற்காததற்கு இது ஒன்றே போதும்.

சரி, “எல்லாமே என்கிரிப்ட் ஆனதுதான்” என்பதற்கு வருகிறேன். சாவி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தாக மாற்றி வைத்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். டிஸ்கில் இருக்கும்போதும் பிட்வார்டனின் சர்வரில் இருக்கும்போதும் அது உண்மை. பெட்டகத்தைத் திறந்த பிறகு அந்தக் கணினியில் அது உண்மை இல்லை. கமாண்ட் லைனில் ஒரு முறை மாஸ்டர் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்தால் ஒரு செஷன் சாவி கிடைக்கும், அந்தச் சாவி கையில் இருக்கும் எந்த நிரலும் அந்தக் கணக்குக்குத் தெரிகிற எல்லாப் பதிவுகளையும் படிக்கலாம், மொத்தமாக எக்ஸ்போர்ட்டும் எடுக்கலாம். பதிவைத் திறக்கும்போது மாஸ்டர் பாஸ்வேர்டை மறுபடி கேட்கிற வசதி இருக்கிறதே என்று தம்பி கேட்கக்கூடும். அது திரையில் இருக்கும் தடுப்பு மட்டும்தான், அதற்கென்று தனி என்கிரிப்ஷன் கிடையாது. பலரோடு பகிரும் பதிவுத் தொகுப்பான கலெக்‌ஷனில் ‘பாஸ்வேர்டு மறைத்து’ உரிமை கொடுப்பதும் அதே ரகம். காப்பி செய்வதைக் கடினமாக்கும், முழுமையாகத் தடுக்காது என்று பிட்வார்டனே சொல்கிறது.

‘எழுதலாம், ஆனால் படிக்கக் கூடாது’ என்று ஓர் உரிமை கொடுத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம், நல்ல கேள்வி அது. கோயில் உண்டியல் மாதிரி, போடலாம், எடுக்க முடியாது. ஹாஷிகார்ப் வால்ட் மாதிரி பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இது முடியும். அங்கே கதவில் நின்று யாருக்கு என்ன அனுமதி என்று பார்ப்பது சர்வர், ஒரு நிரலுக்குப் புதுப்பிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்துப் படிக்கும் அனுமதியைக் கொடுக்காமல் விடலாம். நாம் வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் பயன்படுத்தும் பெட்டகங்களில் சர்வருக்கே உள்ளே இருப்பது தெரியாது, பூட்டுவதும் திறப்பதும் நம் கணினியில், ஒரே சாவியால். பூட்டத் தெரிந்தவருக்குத் திறக்கவும் தெரியும். ஒன்பாஸ்வேர்டு என்ற இன்னொரு பெட்டகத்தில் நிரல்களுக்கென்றே சர்வீஸ் அக்கவுன்ட் இருக்கிறது, குறிப்பிட்ட பெட்டகத்துக்கு மட்டும் அனுமதி தரலாம். ஆனால் அதிலும் எழுதும் அனுமதி வேண்டுமானால் படிக்கும் அனுமதியும் சேர்த்துத்தான் தர வேண்டும்.

ஆக, உங்கள் ஏஜென்ட் அந்தப் பாஸ்வேர்டுகளைப் படித்திருக்கிறது. ஏஜென்ட் படித்தது எங்கே போகிறது? அது சொந்தமாக உங்கள் கணினியிலேயே ஓடும் மாடலாக இல்லாவிட்டால், படித்த ஒவ்வொரு எழுத்தும் அந்த ஏஐ நிறுவனத்தின் சர்வருக்குப் போய் வருகிறது. அதோடு, இப்படிப்பட்ட ஏஜென்ட்களில் பல, உரையாடல் முழுவதையும் உங்கள் கணினியிலேயே சாதாரணக் கோப்பாகச் சேமித்து வைக்கின்றன. எக்செல் ஷீட்டை விட்டு வெளியே வர இரண்டு வருடத்துக்கு முன் அவ்வளவு பாடுபட்டீர்கள், இப்போது அதே பாஸ்வேர்டுகள் பூட்டில்லாத ஒரு கோப்பில் மறுபடி உட்கார்ந்திருக்கின்றன. தம்பியிடம் அந்தக் கோப்புகள் எங்கே என்று கேட்டு, தேடிப் பார்த்து நீக்கச் சொல்லுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதைவிட வேறொன்று. அதே ஏஜென்ட்டைக் கொண்டு கிளையன்ட்கள் அனுப்பும் மெயிலையும் பிடிஎஃப்பையும் படிக்க வைக்கிறீர்களா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் அடுத்த ஆசை அதுவாகத்தான் இருக்கும். பில்லைப் படித்து என்ட்ரி போடு, மெயிலில் வந்த ஓடிபியை எடுத்துக்கொள் என்று. ஏஜென்ட்டுக்கு, நீங்கள் சொல்வதும் அது படிக்கும் ஆவணத்தில் எழுதியிருப்பதும் ஒரே எழுத்து ஓட்டமாகத்தான் போய்ச் சேர்கிறது. பில்லின் அடியில் வெள்ளை எழுத்தில் யாரோ ஒரு கட்டளையை எழுதி வைத்தால், அதை உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. இதற்கு ‘ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று 2022 செப்டம்பரில் பெயர் வைத்தவர் சைமன் வில்லிசன் என்ற மென்பொருளாளர். அவரே 2025இல் ஒரு எளிய கணக்கும் சொன்னார். ரகசியத் தகவலைப் படிக்கும் வழி, வெளியாள் எழுதியதைப் படிக்கும் வழி, வெளியே எதையாவது அனுப்பும் வழி, இந்த மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேரக் கூடாது. பிட்வார்டன், கிளையன்ட் மெயில், பிரவுசர் மூன்றையும் ஒரே ஏஜென்ட்டுக்குக் கொடுத்தால் மூன்றும் சேர்ந்துவிட்டன. இதில் மட்டும் தயவுசெய்து சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

“அப்படிச் செய்யாதே என்று ஏஜென்ட்டுக்குத் தெளிவாக எழுதி வைத்துவிடுகிறேன்” என்பார் தம்பி. எழுதி வைப்பது நல்லதுதான், ஆனால் அது பூட்டு ஆகாது. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லி வைத்திருந்த நேரத்திலேயே ஒரு பயனரின் நேரடி டேட்டாபேஸை அழித்தது, நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2022இல் லாஸ்ட்பாஸ் பெட்டகங்கள் திருடுபோனதையும் நினைத்துப் பாருங்கள். திருடியவர்கள் என்கிரிப்ஷனை உடைத்து உள்ளே போகவில்லை. சாவி வைத்திருந்த நான்கே பொறியாளர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினிக்குள், அதில் இருந்த ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்து, அவர் மாஸ்டர் பாஸ்வேர்டை அடிக்கும்போது பதிவு செய்துகொண்டார்கள். பெட்டகம் எங்கே திறந்து கிடக்கிறது என்றுதான் திருடன் தேடுவான். உங்கள் அலுவலகத்தில் அது ஏஜென்ட் ஓடும் கணினி.

இதெல்லாம் கேட்டுவிட்டு மறுபடி கையாலேயே செய்ய வேண்டாம். எப்படி அமைத்தால் எனக்கு நிம்மதி என்று சொல்கிறேன், தம்பியிடம் காட்டுங்கள்.

ஏஜென்ட்டின் கையில் பாஸ்வேர்டு வரவே கூடாது. நடுவில் ஒரு சின்ன நிரல் இருக்க வேண்டும், சாதாரண நிரல், அதில் ஏஐ எதுவும் வேண்டாம். ஏஜென்ட் அதனிடம் “இந்தக் கிளையன்ட் எண், ஜிஎஸ்டி தளம், மாற்று” என்று மட்டும் சொல்லும். புதிய பாஸ்வேர்டை உருவாக்குவது, பெட்டகத்தில் எழுதுவது, தளத்தில் கொடுப்பது, சரிபார்ப்பது எல்லாம் அந்த நிரலின் வேலை. ஏஜென்ட்டுக்குத் திரும்பிப் போவது ‘முடிந்தது’ அல்லது ‘இந்த இடத்தில் நின்றது’ என்ற ஒரு வரி. பாஸ்வேர்டை உருவாக்கும் வேலையை ஏஜென்ட்டிடம் விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மொழி மாடல்கள் யோசித்துச் சொல்லும் பாஸ்வேர்டு பார்க்கத்தான் தாறுமாறாக இருக்கும், உள்ளே ஒரு பழக்கம் ஓடும், ஊகிக்க முடியும். பிட்வார்டனிலேயே ஜெனரேட்டர் இருக்கிறது, அதை அந்த நிரல் அழைக்கட்டும்.

இந்த நிரலும் ஏஜென்ட்டும் ஒரே கணினியில் ஒரே யூசரின் கீழ் ஓடினால் பயனில்லை, செஷன் சாவியை ஏஜென்ட் தானே எடுத்துப் படித்துக்கொள்ள முடியும். வேறொரு பழைய கணினியில் ஓடட்டும். பிட்வார்டனில் அதற்கென்று தனிக் கணக்கும் வேண்டும். இப்போது ஊழியர் ஒருவருடைய கணக்கிலேயே ஏஜென்ட் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் நாளை ஏதாவது நடந்தால் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயர்தான் வரும், அது அவருக்குச் செய்யும் அநியாயம். உங்கள் பிட்வார்டன் டீம்ஸ் அல்லது என்டர்பிரைஸ் திட்டமாக இருந்தால், எந்தக் கணக்கு எந்தப் பதிவைத் தொட்டது என்று நிகழ்வுப் பதிவேட்டில் பார்க்கலாம். அந்தத் தனிக் கணக்குக்கு ஒரே ஒரு கலெக்‌ஷன்தான் தெரிய வேண்டும், அதில் அந்த வாரம் மாற்ற வேண்டியவை மட்டும். அலுவலக மெயில், பேங்க், டொமைன் எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிஎஸ்சி டோக்கன்களின் பின் நம்பர்களை நோட்ஸில் எழுதி வைக்கும் பழக்கம் பல ஆடிட்டர் அலுவலகங்களில் உண்டு. உங்களிடமும் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஒருவருடைய கையெழுத்தே அது.

பேங்க் பற்றி ஒரு வரி. கிளையன்ட் யாராவது நெட்பேங்கிங் பாஸ்வேர்டையும் உங்களிடம் கொடுத்து வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் தன் பாஸ்வேர்டு போன்றவற்றைப் பகிர்ந்ததால் நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான முழு நஷ்டமும் அவருடையது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையில் சொல்லியிருந்தது.

வேலையின் வரிசையும் முக்கியம், இதை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், டேட்டாபேஸின் பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் பெட்டகத்தில் எழுதும்படி ஒரு நிரல் இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு, மாற்றிய மறு நொடி நெட்வொர்க் துண்டித்தது. புதிய பாஸ்வேர்டு நிரலின் நினைவில் மட்டும்தான் இருந்தது, நிரல் நின்றதும் அதுவும் போயிற்று, உலகத்தில் யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டோடு அந்த டேட்டாபேஸ் ஞாயிறு முழுக்க நின்றது. வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அமேசானின் கிளவுடில் இதற்கென்றே இருக்கும் சீக்ரெட்ஸ் மேனேஜர் நான்கு படியாகச் செய்கிறது. புதியதை உருவாக்கி ‘காத்திருப்பது’ என்ற அடையாளத்தோடு முதலில் சேமிக்கிறது, அப்புறம்தான் போய் மாற்றுகிறது, புதியதைப் போட்டு உள்ளே போக முடிகிறதா என்று சோதிக்கிறது, கடைசியில்தான் ‘நடப்பு’ என்ற அடையாளத்தை அதற்கு மாற்றுகிறது, பழையது ‘முந்தையது’ என்ற பெயரில் கூடவே இருக்கிறது. உங்களுக்கும் இதே வரிசைதான். பிட்வார்டன் பதிவில் ‘புதியது’ என்று ஒரு மறைவுக் கட்டம் வைத்து அதில் முதலில் எழுதுங்கள். தளத்தில் மாற்றுங்கள். வெளியே வந்து புதியதைப் போட்டு ஒரு முறை லாகின் செய்யுங்கள், கேப்சாவை நீங்கள்தானே அடிக்கிறீர்கள், இன்னொரு தடவை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு பாஸ்வேர்டு கட்டத்துக்கு மாற்றுங்கள். எங்காவது நின்றால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும், தானாக மறுமுயற்சி கூடாது. அந்த இரண்டு கிளையன்ட்களின் சிக்கலும் இந்தச் சோதனை லாகினிலேயே பிடிபட்டிருக்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மனிதர் ஒருவர் சம்மதம் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். வரிசையாக முந்நூறு தடவை ‘சரி’ அழுத்துகிறவர் நாற்பதாவதிலிருந்தே படிக்காமல் அழுத்துவார். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி, இந்த இரண்டுக்கும் முந்தைய மூன்று நாள் எதையும் மாற்றக் கூடாது. வருமான வரிக் கணக்கு போடும் ஜூலை கடைசி வாரமும் அப்படியே.

எத்தனை பாஸ்வேர்டுகளை உண்மையில் மாற்ற வேண்டும் என்பதையும் பாருங்கள். தளமே கட்டாயப்படுத்தினால் வேறு வழியில்லை. மற்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்ல பழக்கம் என்று நாம் எல்லோரும் கற்றது பழைய பாடம். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது, கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மாற்று, இல்லையென்றால் நீளமான ஒன்றை வைத்துக்கொண்டு விட்டுவிடு என்பதுதான் அவர்கள் வழி. அப்புறம், உங்கள் பெட்டகத்தில் இருக்கவே தேவையில்லாதவை பல இருக்கும். ஜிஎஸ்டியில் பிராக்டிஷனராகப் பதிந்து, கிளையன்ட் உங்களை ஏற்றுக்கொண்டால் உங்கள் சொந்த லாகினிலேயே அவருக்காக வேலை செய்யலாம். இ-வே பில்லில் கிளையன்ட் உங்கள் ஊழியருக்கென்று ஒரு சப்-யூசர் உருவாக்கித் தரலாம். அந்தத் தளத்தில் 2025 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் என்று ஆன பிறகு, ஒரே லாகினை நான்கு பேர் பகிர்ந்துகொண்டு ஓடிபிக்காகக் கிளையன்ட்டை எழுப்புவதைவிட அது எவ்வளவோ மேல். இந்த வழிகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெட்டகத்தில் இருக்கும் பதிவுகளில் பாதி குறைந்தால் ஏஜென்ட்டே தேவைப்படாமல் போகலாம்.

மறுபடி எதையாவது தொடங்குவதற்கு முன் ஒரு எக்ஸ்போர்ட் எடுங்கள். பிட்வார்டனில் என்கிரிப்ட் செய்த எக்ஸ்போர்ட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று அதே கணக்கில் மட்டும்தான் திரும்ப ஏறும், இன்னொன்றுக்குத் தனிப் பாஸ்வேர்டு வைக்கலாம், எந்தக் கணக்கிலும் ஏறும். இரண்டாவதை எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு, அலுவலகப் பீரோவில் வையுங்கள். அந்தத் தனிப் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வேறோர் இடத்தில் வையுங்கள். ஒரு காலிக் கணக்கில் ஏற்றிப் பார்த்து, நோட்ஸோடு வருகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அந்தக் கணக்கை உடனே நீக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏஜென்ட் படித்த அந்த 43 பதிவுகளும், அதே செஷனில் அதன் பார்வையில் வேறு எவை இருந்தனவோ அவையும், வெளியே போனவை என்று வைத்துக்கொண்டு கையால் மாற்றுங்கள். நான் மேலே சொன்ன ‘கசிந்ததற்கு அறிகுறி’ கணக்கில் இவை வருகின்றன. இந்த மாதம் 3பி முடிந்த மறுநாள் ஆரம்பித்தால் போதும், இன்றைக்குப் பதற்றத்தில் செய்தால் இன்னும் நான்கு தப்பாகும். தம்பி அந்த நடு நிரலை எழுதியதும், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் நிரலை மட்டும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நேரம் எடுத்து வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.